முதலாம் பாத்தி

மூன்று பாத்திகளுக்கும் ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே பூவாளி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பூவாளி. விடியலில் சுபஹ் தொழுதுவிட்டு ஊற்றிய ஈரம் கையில் உலருமுன்னமே அகீலா குசினிக் கதவடியில் நின்று திரும்பிப் பார்த்தாள். இரண்டாம் பாத்தியும் மூன்றாம் பாத்தியும் கறுத்துக் குளிர்ந்து, சொல்வழி கேட்ட பிள்ளைகளாகக் கிடந்தன. குசினிச் சுவரோரம் இருந்த முதலாம் பாத்தி மட்டும் வெளிறிப் போயிருந்தது, அந்தப் பக்கம் ஒரு வாரமாக யாருமே போகாததுபோல.

திரும்பிப் போய் விரலை மண்ணுக்குள் விட்டாள். இரண்டாம் கணு வரைக்கும் உள்ளே போனது. எடுத்துப் பார்த்தால் விரலில் ஒரு துகள்கூட ஒட்டியிருக்கவில்லை. மண் லேசாகச் சூடாக வேறு இருந்தது. வெயில் இன்னும் மதில் ஏறவில்லை.

‘மறந்துபோய் மற்றதுக்கு ஊத்திட்டேன் போல’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

தோட்டம் செய்வதில் அகீலா கைக்குழந்தை. வீட்டோடு வீடு முட்டி நிற்கும் காத்தான்குடி ஒழுங்கையில், கடல் மண்ணில், முருங்கையும் கறிவேப்பிலையும் தவிர எதுவும் தலைகாட்டாது என்றுதான் முப்பத்தாறு வயதுவரை நினைத்திருந்தாள். பெண்கள் சங்கத்தில் அரை நாள் வகுப்பு வைத்தபோது, கிரானிலிருந்து வந்த விவசாயப் போதனாசிரியர் உதயரூபன்தான் மண் சரியில்லாவிட்டால் மண்ணுக்கு மேலே மண் கட்டலாம் என்றார். சீமெந்துக் கல்லை மூன்று வரி அடுக்கு. எட்டடி நீளம் போதும். அகலம் மூன்றடிக்கு மேல் வேண்டாம், இரண்டு பக்கத்தாலும் கை எட்ட வேண்டும், பாத்திக்குள் கால் வைக்கக் கூடாது. அடியில் காட்போட் மட்டை, அதன் மேல் சருகு, மாட்டெரு, தேங்காய்த் தும்புத்தூள், கடைசியாக வட்டையிலிருந்து வரும் வயல் மண். முதலில் கீரையைப் போடுங்கள், கீரை யாரையும் ஏமாற்றாது என்று சிரித்தார்.

அகீலா கீரைக்காகப் போகவில்லை. பதினொரு மாதம் ஓயாமல் வேலை செய்த கைகள் அவை. உம்மா மௌத்தாகிப் போய்ச்சேர்ந்த மாசி மாதத்திலிருந்து அவற்றுக்கு வேலையில்லை. வேலையில்லாத கைகள் மடியில் கிடந்து அவளையே பார்த்தன. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கணவன் றிஸான் கட்டாரில், மகள் இர்ஷானா பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில். வீடு முழுக்க அவளும் அந்தக் கைகளும் மட்டும்தான்.

இடம் தேடியபோது, காலை வெயில் விழுகிற சமமான இடம் வளவில் ஒன்றுதான் இருந்தது. அந்த இடத்தில் என்ன நடந்தது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அங்கேதான் படுக்கை விரிப்புகளைச் சுற்றிக் கட்டி உம்மாவின் மையத்தைக் குளிப்பாட்டினார்கள். குளிப்பாட்டிய தண்ணீர் நாலு பக்கமும் ஓடிக் காலில் மிதிபடாதிருக்க ஒரு கிடங்கு வெட்டி, முடிந்ததும் மணல் போட்டு மூடினார்கள். நாற்பது நாள் அதில் விளக்கு எரிந்தது. நாற்பதுக்குப் பிறகும் அந்த இடத்தைச் சுற்றித்தான் எல்லோரும் நடப்பார்கள். அது எந்தக் கிதாபிலும் எழுதிய சட்டமல்ல. மிதிக்க மனம் வராது, அவ்வளவுதான். அந்த இடத்தில்தான் அகீலா முதலாம் பாத்திக்குக் கல் அடுக்கினாள், மற்ற இரண்டும் அதையடுத்து. சமமாக இருந்தது, அதனால் என்று கேட்டவர்களுக்குச் சொன்னாள். குசினி யன்னலால் அந்த வெறும் நிலத்தை ஒவ்வொரு நாளும் பார்க்க முடியாமல்தான் அதை மூடினாள் என்பதை யாருக்கும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து உதயரூபன் மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்தார். முதலாம் பாத்தி மண்ணை ஒரு பிடி அள்ளி ஊதினார். அது மாவாகப் பறந்தது.

“தங்கச்சி, தும்புத்தூள ஊறப் போடாமக் கலந்திருக்கிறீங்க. காஞ்ச தும்புத்தூள் தண்ணிய ஏற்காது. பக்கத்தால வழிஞ்சி போயிரும்.”

“மத்த ரெண்டுக்கும் அதே தூள்தானே போட்ட?”

அவர் தலையைச் சொறிந்தார். “அப்ப இதுக்குக் கொஞ்சம் கூடத் தாகம்.”

அவர் சிரித்தார். அகீலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு தண்ணீர்ப் போத்தலின் மூடியில் ஊசியால் துளை போட்டு, அதைக் கவிழ்த்து மண்ணில் குத்திவிடச் சொன்னார். சொட்டுச் சொட்டாக இறங்கும், ஒரு நாளைக்குத் தாங்கும் என்றார்.

அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அகீலா அவர் சொன்னபடியே செய்தாள். வாவிப் பக்கமிருந்து சேற்று மணத்தோடு காற்று வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ மீன் பொரித்தார்கள். மதிலில் ஒரு காகம் அலகைத் தீட்டியது. எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தன. ஒன்றரை லீற்றர்ப் போத்தலைக் கவிழ்த்துக் குத்திவிட்டு இரண்டடி வைத்திருப்பாள், முதுகுக்குப் பின்னால் ‘மடக்’ என்றது. பிறகு மடக், மடக். போத்தலுக்குள் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற, அதன் விலாப்புறம் உள்ளே ஒடுங்கிச் சப்பையானது. காற்று ஏறினால் அப்படித்தான் சத்தம் வரும், அது அவளுக்கும் தெரியும். ஆனால் மூன்று மடக்குக்கு ஒருமுறை சத்தம் நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தொடங்கியது.

அந்த இடைவெளியை அவளுக்குத் தெரியும். பதினொரு மாதம் கேட்டிருக்கிறாள்.

உம்மாவுக்குப் பாரிசவாதம். வலப்பக்கம் விழுந்துவிட்டது. நாக்கும் பாதி விழுந்ததால் பேச்செல்லாம் குழறும். ஒரேயொரு சொல் மட்டும் கண்ணாடி மாதிரித் தெளிவாக வரும்: தண்ணி. கொடுத்தால் ஆசையாகக் குடிப்பாள். குடித்தால் படுக்கை நனையும். நனைந்தால் அந்தப் பாரத்தைத் தனி ஆளாகப் புரட்டி, துடைத்து, துணி மாற்றி, விரிப்பை அலசிப் போட வேண்டும். முதலில் இரவு இஷாவுக்குப் பிறகு தண்ணீர் இல்லை என்று வைத்தாள். பிறகு அஸருக்குப் பிறகு இல்லை. பிறகு மருந்தோடு ஒரு வாய், அவ்வளவுதான். படுக்கை நனையவில்லை. வேலை குறைந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றுகூட ஒருநாள் அவள் வாய் சொன்னது. இதை அவள் செய்தது, உம்மா அவளுக்கென்று கட்டி எழுதிக் கொடுத்த வீட்டில், உம்மா கிண்டிய கிணற்றுக்குப் பக்கத்தில்.

கேட்டவர்களுக்கெல்லாம் டொக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொன்னதாகச் சொன்னாள். கால் வீங்குகிறதாம். எந்த டொக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஒரு பொய்யைப் பத்துப் பேருக்குச் சொன்னால் அதுவும் வீட்டுச் சாமான்களில் ஒன்றாகிவிடுகிறது, தூசு தட்டித் துடைத்து வைக்கிறோம். இர்ஷானா மட்டும் ஒருநாள் ஒரு கோப்பைத் தண்ணீரை ஒளித்துக்கொண்டு போனாள். பத்து வயதுப் பிள்ளை. அகீலா அந்தக் கையில் அடித்தாள். கோப்பை உருண்டது. பிள்ளை அழவில்லை. உம்மா மட்டும், நிலத்தில் ஓடிப் போகும் தண்ணீரை, அது கட்டிலடிக்குப் போய் மறையும் வரைக்கும் கண்ணாலே பின்தொடர்ந்தாள்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் கேட்டார், தண்ணீர் ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்று. ஓம் என்றாள். அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எதையோ எழுதினார். அன்று அஸருக்கு உம்மா போய்விட்டாள்.

அல்லாஹ்வுக்குச் செய்த பிழையை அல்லாஹ்விடம் கேட்கலாம். மனிசருக்குச் செய்ததை அந்த மனிசர்தான் மன்னிக்க வேண்டும். அந்த மனிசி இப்போது இல்லை. ஐந்து மாதமாக அகீலாவின் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது இதுதான். ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் கையேந்துவாள், கேட்க வேண்டிய ஆளிடம் கேட்கவில்லை என்று கூசிக் கையை இறக்குவாள். இப்போது சப்பையான அந்தப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, அவளுக்குப் பயத்தோடு பயமாக ஓர் ஆசையும் வந்தது. உம்மா கேட்கிறாள் என்றால், கொடுக்கலாம் அல்லவா? கொடுத்துக்கொண்டே இருந்தால், ஒருநாள் போதும் என்பாள் அல்லவா?

அன்றிலிருந்து முதலாம் பாத்திக்கு மட்டும் பத்து வாளி. பிறகு இருபது. குளிக்க நிரப்பியதையும் தொழுகைக்கு வுழூச் செய்ய வைத்திருந்ததையும் கொண்டுபோய் ஊற்றினாள். கச்சான் காற்று வீசுகிற காலம். கிணறு வற்ற வற்ற வாளி தண்ணீரைத் தொடும் சத்தம் தூரம் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் பாத்தியில் முளைத்த கீரை வாடிச் சாய்ந்தது, மூன்றாம் பாத்தி வெண்டிக் கன்றுகள் சருகாயின. முதலாம் பாத்தியில் போட்ட விதை ஒன்றும் முளைக்கவில்லை. அகீலாவுக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை.

ஒருநாள் காலையில் உம்மு குல்தூம் வந்தாள். உம்மாவைக் குளிப்பாட்டியவள் அவள்தான். அந்த ஒழுங்கையில் முப்பது வருடமாகப் பெண் மையத்துகளை அவள்தான் குளிப்பாட்டுகிறாள். பின் வளவுக்கு வந்தவள் பாத்தியைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

“என்னகா புள்ள, இதுலயா கட்டின?”

“சமமா இருந்திச்சி, அதான்.”

உம்மு குல்தூம் காய்ந்த மண்ணையும், பக்கத்தில் நனைந்து கிடந்த வாளியையும் மாறி மாறிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“அண்டைக்கு நான் ஒருத்தருக்கும் செல்லாத ஒண்டு இரிக்கி. இருபது வாளிக்கு மேல ஊத்தின. மண் போட்டு மூடக்குள்ள கிடங்க எட்டிப் பார்த்தன். அடி நனையல்ல புள்ள. ஒரு சொட்டு ஈரம் இல்ல.” அவள் அகீலாவின் முகத்தைப் பார்த்தாள். “உம்மா தாகத்தோடயா போன?”

சொல்லியிருக்கலாம். அந்தக் கண்களில் கோபம்கூட இல்லை. அகீலாவின் வாய் தானாகத் திறந்தது.

“டொக்டர்தான் தண்ணி குறைக்கச் சென்னார்.”

உம்மு குல்தூம் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. “சரிகா. இத உடச்சி எடு. உம்மாட பேரால ஒழுங்கை முனையில ஒரு குழாயப் போட்டுக் குடு, போறவாற ஆக்கள் குடிக்கட்டும். தண்ணி உசிரோட இரிக்கிற ஆக்களுக்கு. மையத்துக்கு துஆ மட்டும்தான்.”

அவள் போன பிறகு அகீலா மண்வெட்டியை எடுத்தாள். ஒரு கல்லைக்கூடப் பெயர்க்க மனம் வரவில்லை. உடைத்தால் கேட்கிற வாயை மூடியதாக ஆகும். ஒருமுறை மூடியது போதாதா? மண்வெட்டியை வைத்துவிட்டு வாளியை எடுத்தாள்.

வியாழக்கிழமை இர்ஷானா பள்ளிக்கூடம் போகவில்லை. விடியலிலிருந்து வாந்தி, வயிற்றோட்டம், மேலெல்லாம் காய்ச்சல். அகீலா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். உப்பும் சீனியும் கரைத்து ஒரு கோப்பை கொடுத்தாள். அதையும் பிள்ளை சத்தியெடுத்தாள். மறுபடி கரைக்க வேண்டும் என்று குசினிக்குப் போனவள், யன்னலால் பாத்தியைப் பார்த்தாள். அது அன்று வெள்ளையாகவே இருந்தது. நடுவில் நீளமாக வெடித்திருந்தது.

“உம்மா, தண்ணி.”

“கொஞ்சம் பொறு மகள், வாறன்.”

ஒரு வாளி ஊற்றிவிட்டு வரலாம் என்றுதான் போனாள்.

வெடிப்புக்குள் ஊற்றிய தண்ணீர் உள்ளே எங்கேயோ ஆழத்தில் விழுகிற சத்தம் கேட்டது, மூன்று வரிக் கல்லுக்கும் அப்பால், காட்போட் மட்டைக்கும் அப்பால், நிலத்துக்கும் கீழே. மடக். மடக். மடக். நின்றது. மூச்சு வாங்கியது. இன்னொரு வாளி ஊற்றினாள். கச்சான் மதிலுக்கு மேலால் வந்து முகத்தில் அடித்தது, வாய்க்குள் மணல் கரகரத்தது, கயிறு உள்ளங்கையை அறுத்தது. நோவு அவளுக்கு நல்லதாகவே பட்டது. நோக வேண்டும் என்றிருந்தது.

“தண்ணி.”

கேட்டது. இவ்வளவு நாளும் விழுங்கும் சத்தம்தான், இன்று சொல்லே கேட்டது. தெளிவாக. அகீலாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

“தாறன் உம்மா. தாறன். குடிங்க.”

நடுப்பகலில் லுஹருக்குப் பாங்கு சொன்னது. அவள் தொழப் போகவில்லை. குசினியிலிருந்த குடத்தைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். குளியலறைப் பீப்பாவைச் சுரண்டினாள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்த நான்கு போத்தல்களையும் ஊற்றினாள். குழாய் காலையோடு நின்றுவிட்டிருந்தது. திருகினால் காற்றுத்தான் வந்தது. மறுபடி கிணற்றடி.

“தண்ணி… தண்ணி…”

“தாறன்.”

குரல் மெலிந்துகொண்டு வந்தது. தாகம் தீருகிறது என்று நினைத்தாள். வாளி அடியில் மணலில் உரசியது. அரை வாளி வந்தது. சேறும் தண்ணீருமாய்க் கால் வாளி. நிழல் மதிலை விட்டிறங்கிப் பாத்தியில் ஏறியது. அஸருக்குப் பாங்கு. தோள் மரத்துப் போயிருந்தது.

“தண்…”

கடைசி வாளி. ஊற்றினாள்.

தண்ணீர் இறங்கவில்லை.

அப்படியே நின்றது. வெடிப்பு மூடி, மண் கறுத்து, கல்லின் விளிம்பு வரைக்கும் தண்ணீர் தளம்பி அடங்கியது. அவ்வளவு தண்ணீர் அவள் ஊற்றியது சரி, ஆனால் இதுவரை ஒரு சொட்டும் நின்றதில்லை. குமிழி இல்லை. சத்தம் இல்லை. அகீலா கல்லில் உட்கார்ந்தாள்.

“போதுமா உம்மா?” என்றாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது. “என்னை மன்னிச்சிட்டீங்களா? நான்தான் தரல்ல. டொக்டர் ஒண்டும் செல்லல்ல. நான்தான்.”

முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். குரல் நின்றுவிட்டிருந்தது. எவ்வளவு அமைதி. நெஞ்சிலிருந்த கல் இறங்கிவிட்டது போலத்தான் இருந்தது. தண்ணீரில் மாலை வெயில் விழுந்து அசைந்தது, அதற்கு மேலே குசினி யன்னல் தலைகீழாகத் தெரிந்தது, யன்னலுக்கு உள்ளே அறைக்கதவு.

அந்தக் கதவு திறந்திருந்தது.

அகீலா அந்த யன்னலையே பார்த்தாள். குரல் பாத்திக்குள்ளிருந்து வந்ததா? நினைத்துப் பார்த்தாள். பாத்திக்குக் குனிந்து நின்றபோதெல்லாம் அது முதுகுப் பக்கமாகத்தான் கேட்டது. காலையிலிருந்து. முதுகுப் பக்கமாக.

எழுந்தாள்.

குசினி. நடை. அறை வாசலிலேயே அந்த மணம். பதினொரு மாதத்து மணம்.

இர்ஷானா கட்டிலில் மல்லாக்கக் கிடந்தாள். ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. கண் திறந்திருந்தது, குழி விழுந்திருந்தது. உதடு வெடித்து, வெளிறி. கன்னம் எலும்போடு ஒட்டிப்போய். ஒரு பகலில் யாரும் இப்படி ஆகமாட்டார்கள். ஒரு பகலில் ஆகாது.

“மகள்!”

கண் அசைந்தது. உயிர் இருந்தது.

தண்ணீர். குசினிக்கு ஓடினாள். குடம் வெறுமை. போத்தல் வெறுமை. குழாய் காற்று. கிணறு மணல். வீடு முழுக்கத் தண்ணீர் ஓரிடத்தில்தான் இருந்தது. வளவுக்கு ஓடினாள். கோப்பையை எடுக்கவும் நினைவில்லை. முக்காட்டை இழுத்துப் பாத்திக்குள் அமிழ்த்தினாள். குளிர்ந்தது. நன்றாக நனைந்தது. கனத்தது. முழங்கை வழியே சொட்டச் சொட்ட ஓடி வந்தாள். நிலமெல்லாம் ஈரத் தடம்.

“இந்தாங்க மகள். இந்தாங்க. உம்மா வந்திட்டன்.”

முனையைப் பிள்ளையின் உதட்டில் வைத்தாள். ஒற்றினாள். எடுத்தாள்.

காய்ந்திருந்தது.

கையில் பிடித்திருந்த பக்கம் சொட்டுகிறது. வாயைத் தொட்ட பக்கம் வெயிலில் உலர்த்தி எடுத்ததுபோல. உதட்டில் ஈரமில்லை. நாக்கில் ஈரமில்லை. மற்ற முனையை வைத்தாள். பிழிந்தாள். வாய்க்குள் ஓடுவது தெரிந்தது. விழுங்கும் சத்தம். மூன்று மடக்கு. நின்றது. மூச்சு வாங்கியது.

எடுத்தாள். காய்ந்த துணி விரலில் சரசரத்தது.

“இன்னும் கொஞ்சம் தாறன் மகள். இன்னும் கொஞ்சம் இரிக்கி.”

ஓடினாள். நனைத்தாள். வந்தாள். வைத்தாள்.

இர்ஷானா வாயை இன்னும் அகலமாகத் திறந்தாள். பாத்தி மண்ணைப் போலக் கன்னத் தோல் நீளமாக வெடித்தது. வெடிப்பில் இரத்தம் வரவில்லை.